பூஜைக்கு வைத்த பிரேக்

காளிகாட் பாலத்தின் மேல் ரிக்ஷாவில் போகும்போதுகூட நான் இன்றைக்கும், "பிரேக் இருக்கிறதா?" என்று கேட்டுவிடுகிறேன். மனிதர் கையால் இழுக்கிற ரிக்ஷாவில் பிரேக் எங்கே இருக்கும்? போன வாரம் ஒரு ரிக்ஷாக்காரர் நின்று, திரும்பிப் பார்த்து, தம் வெறுங்காலை ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி இழுக்க ஆரம்பித்தார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பாலம் முடிந்து சமதரை வரும் வரைக்கும் இரண்டு கையாலும் பக்கத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கெல்லாம் காரணம் என் மகன் வாங்கிய மோட்டார்.

மகா யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் கணவர் டல்ஹௌசிப் பக்கம் ஒரு சணல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. நாங்கள் காளிகாட்டில் ஒரு வங்காளி வக்கீலின் வீட்டில் மாடியில் குடியிருந்தோம். மகன் இன்டர்மீடியட் முடித்திருந்தான். அவனுக்காகக் கம்பெனியில் ஒரு ஸ்டூல் காத்திருந்தது. உண்மையான ஸ்டூல்தான், உயரமான தேக்கு மரம். அதில் ஏறி உட்கார்ந்தவர் பென்ஷன் வாங்கத்தான் கீழே இறங்குவார் என்று என் கணவர் சொல்வார்.

எனக்கு அந்த ஸ்டூலின் மேல் பக்தியே உண்டாகியிருந்தது. நான் திருச்சியில் மிஷன் பள்ளியில் மெட்ரிகுலேஷன் வரை படித்தவள். அந்தப் படிப்பால் வந்த ஒரு தொல்லை, தினமும் பத்திரிகை படிப்பது. மற்றவர்கள் முதல் பக்கத்திலிருந்து படிப்பார்கள். நான் விபத்துச் செய்திகளிலிருந்து ஆரம்பிப்பேன். டிராமில் அடிபட்டவர்கள், படகு கவிழ்ந்தவர்கள், மோட்டாரில் மோதியவர்கள் என்று வாரம் தவறாமல் யாராவது இருப்பார்கள். ஸ்டூலிலிருந்து விழுந்து இறந்தவர் என்று ஒருவரைப்பற்றியும் நான் படித்ததில்லை.

அப்படியிருக்கையில் ஒருநாள் மகன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, இன்னிக்கு ஒரு மோட்டார் பார்த்தேன்."

"எங்கடா? தெருவிலயா? நீ ஓரமா ஒதுங்கி நின்னியோ இல்லையோ?"

"அது நகராதும்மா. அதான் பார்த்தேன். வாங்கலாம்னு."

அலிப்பூரில் ஒரு துரை தம் மோட்டாரைக் கொண்டுபோய் அரசமரத்தில் மோதியிருக்கிறார். துரைக்குக் கை முறிந்தது. அவர் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். மரத்துக்கு ஒன்றும் இல்லை. வண்டிக்குத்தான் முகம் போய்விட்டது. அதை அவர் வீட்டுச் சாமான்களோடு சேர்த்து ஏலத்தில் விட்டார்கள். மேஜை, நாற்காலி, பியானோவுக்கெல்லாம் போட்டி இருந்ததாம். மோட்டாருக்குப் போட்டியே இல்லை. ஒரு தையல் மிஷின் விலைக்கு என் மகனுக்குக் கிடைத்தது. அந்தப் பணம் காலேஜில் கிடைத்த பரிசுப் பணம் என்பதால் எங்களைக் கேட்கவேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லாமல் போயிற்று. கணக்கு டியூஷன் என்று சொல்லிவிட்டு அவன் போன சாயங்காலங்களில், சிநேகிதன் வீட்டு வண்டியில் ஓட்டப் பழகி, போலீஸில் லைசென்ஸும் வாங்கியிருந்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் அந்த டியூஷனுக்காகத் தினமும் முன்னதாகவே டிபன் பண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் வீட்டுக்கு வந்தது மாட்டு வண்டியின் பின்னால். முன்சக்கரம் ஒன்று திரும்பாது என்பதால் அதைப் பின்பக்கமாகக் கட்டி இழுத்து வந்தார்கள். மாடுகள் எங்கள் வீட்டைப் பார்த்து வர, வண்டி வந்த வழியையே பார்த்துக்கொண்டு வந்தது. ஒரு விளக்கு இல்லை. இன்னொரு விளக்கு கழுத்து சுளுக்கியதுபோல் வானத்தைப் பார்த்தது. கண்ணாடியில் சிலந்திவலை மாதிரி விரிசல். இடதுபக்கக் கதவைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தது. கம்பெனி சணலாக இருக்கும் என்று என் கணவர் அந்த நிலையிலும் தொட்டுப் பார்த்தார்.

வீட்டுக்கார வக்கீல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அலிப்பூர் கோர்ட்டில் முப்பது வருஷம் வாதாடி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது கோர்ட்டிலிருந்துதான், வாதத்திலிருந்து அல்ல.

"மொஷாய்," என்றார் என் கணவரிடம். "இது வாதியா, பிரதிவாதியா?"

"மோட்டார்," என்றார் என் கணவர் பரிதாபமாக.

"அது விசாரணையில் தெரியும்."

அன்று ராத்திரிச் சாப்பாடு முழுவதும் தகராறு. ஒரு மோட்டார் பட்டறையில் மகனை வேலை பழகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு வண்டியைத் தானே சரிபண்ணி ஓட்டிக்காட்டினால் போதுமாம். பரிசுப் பணம் அதற்காகத்தான். என் கணவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டு போகவில்லை.

"நாலு தலைமுறையா பேனா பிடிச்ச கை, ஸ்பானர் பிடிக்கணுமா?"

"ஸ்பானரும் கையாலதான்பா பிடிக்கணும்."

"ஏன்னா, அவன் சொல்றது இருக்கட்டும்," என்றேன் நான். "அது ஏற்கனவே ஒருத்தர் கையை முறிச்ச வண்டி. அதுக்குப் பழக்கம் ஆயிருக்கும்."

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. விஜயதசமி அன்று வண்டி எங்கள் வாசலிலிருந்து கிளம்பி, அலிப்பூர் கோர்ட் வரை போய், தானாகத் திரும்பி வரவேண்டும். வந்தால் பட்டறை. வராவிட்டால் பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறக்கிற அன்றைக்கே ஸ்டூல். வக்கீல்தான் நடுவர். நான் இந்த ஏற்பாட்டுக்கு உடனே சம்மதித்தேன். அந்த வண்டியைப் பார்த்த யாரும் சம்மதித்திருப்பார்கள்.

ஆனால் என் மகனை நான் சரியாக அறிந்திருக்கவில்லை. மழைக்காலம் முழுவதும் பின்கட்டில் தகரக் கூரைக்கு அடியில் அவனும் வண்டியும்தான். நசுங்கிய மட்கார்டை என் அம்மிமேல் வைத்துத் தட்டி நிமிர்த்தினான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுத் துவையலில் பச்சைப் பெயின்ட் வாசனை போக ஐப்பசி ஆயிற்று. என் பழைய புடவைகள் ஒவ்வொன்றாகத் துடைப்பதற்குப் போய்ச் சேர்ந்தன. வக்கீல் தினமும் காலையில் வந்து வண்டியைக் குறுக்கு விசாரணை செய்வார். "சம்பவம் நடந்த அன்று நீ மரத்தைப் பார்த்தாயா, இல்லையா?" என்று அந்த ஒற்றை விளக்கைக் கேட்பார். மகன் வண்டிக்கு அடியிலிருந்து, "பார்க்கவில்லை, யுவர் ஆனர்," என்று பதில் சொல்வான்.

மோதிய வேகத்தில் பிரேக் மிதியையும் அதிலிருந்து போகும் கம்பியையும் இணைக்கிற ஆணி உடைந்து போயிருந்தது. கடைகளில் தேடியும் அந்த அளவுக்குக் கிடைக்கவில்லை. அவனே ஒரு இரும்புத் துண்டை அராவி அராவி ஒன்று செய்தான். சுண்டுவிரல் நீளம்தான். அதை முடித்த அன்று என்னிடம் கொண்டு வந்து காட்டினான்.

"நானே பண்ணினதும்மா. முழுக்க."

"அழகா இருக்கு. இது எதுக்கு?"

"இது இல்லேன்னா வண்டி நிக்காது."

எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. வண்டியிலேயே நான் மதித்த ஒரே சாமான் அதுதான். கை பிரேக் என்று வெளியே ஒரு நீளத் தடி இருந்தது. அது அடியோடு வளைந்து போய், பெயருக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஆகவே எல்லாம் அந்த ஆணியை நம்பித்தான்.

மகாஷ்டமி அன்று பின்கட்டில் வண்டி ஓடியது. முன்னால் கொஞ்சம் வந்தது, நின்றது. பின்னால் போயிற்று, நின்றது. வக்கீல் கைதட்டினார். நான் உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்து விபத்துச் செய்திகளை இரண்டாம் முறை படித்தேன்.

மறுநாள் ஆயுதபூஜை. தெருவெல்லாம் துர்கா பூஜையின் டாக் என்கிற பெரிய மேளத்தின் முழக்கம். மாடியில் நாங்கள் கூடத்தில் மணை போட்டு, சரஸ்வதி படம் வைத்து, புஸ்தகங்களை அடுக்கினோம். என் கணவர் ஆபீஸிலிருந்து கொண்டு வந்த புதுப் பேனாவுக்குப் புது நிப் போட்டு அடுக்கின் உச்சியில் வைத்தார். மகன் ஸ்பானர்களையும் சுத்தியலையும் சாக்கோடு தூக்கி வந்தான்.

"இருடா, இருடா!" என்றார் என் கணவர். "இந்த அழுக்கையெல்லாம் அம்பாள் முன்னாடி வைக்கப்படாது. தேச்சு அலம்பிண்டு வா. அந்த வண்டிக்கும் பூஜை உண்டு. ஆனா அதை மாடிக்குத் தூக்க முடியாது. அதிலேருந்து ஏதாவது ஒண்ணைக் கொண்டு வா, போதும்."

"எதைப்பா?"

"எதையாவது. உன் கையால பண்ணினது ஏதாவது இருந்தா அதுதான் விசேஷம்."

மகனுடைய முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தகப்பனார் அவன் கைவேலையை ஒரு வேலையாக எண்ணிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஓடிப்போய் அந்த ஆணியைக் கழற்றிக் கொண்டு வந்தான். புளி போட்டுத் தேய்த்தான். என் கணவரே அதை ஒரு வெற்றிலைமேல் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தார். கற்பூரம் காட்டினோம். இனி மறுநாள் புனர்பூஜை ஆகும் வரைக்கும் பேனாவையும் தொடக்கூடாது, ஸ்பானரையும் தொடக்கூடாது. விஜயதசமி காலையில் முதலில் எதைக் கையில் எடுக்கிறோமோ அந்தத் தொழில் அந்த வருஷம் துலங்கும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புனர்பூஜை முடிந்ததும் மகன் கையை நீட்டினான். அவன் விரல்கள் வெற்றிலைப் பக்கம் போயின. என் கணவர் தொண்டையைக் கனைத்தார். பேனாவை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"முதல்ல இது. நாலு வரி எழுது. அப்புறம் உன் இரும்பையெல்லாம் அள்ளிண்டு போ."

அவன் உட்கார்ந்து எழுதினான். நாலாவது வரியில் இருக்கும்போது கீழேயிருந்து வக்கீல் கத்தினார்: "அடே, ஓடி வா! உன் வண்டியில் ஆக்கிரமிப்பு நடந்திருக்கிறது!"

பின் ஸீட்டில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. மகன் பேனாவைப் போட்டுவிட்டு, சாக்கை மட்டும் வாரிக்கொண்டு கீழே ஓடினான். பூனையைக் குட்டிகளோடு ஒரு கூடைக்கு மாற்றுவதற்குள் அவனுக்கும் வக்கீலுக்கும் கையெல்லாம் கீறல். மாடியில் ஆணி வெற்றிலைமேலேயே இருந்தது. படத்திலிருந்து சரிந்த சாமந்திப்பூ அதை மூடியிருந்தது.

அதற்குப் பிறகு வண்டி உடனே கிளம்பியிருந்தால் அவனுக்கு ஆணியின் ஞாபகம் வந்திருக்கும். வண்டி கிளம்பவில்லை. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினான், சுற்றினான், சுற்றிக்கொண்டே இருந்தான். வண்டி இருமும், நின்றுவிடும். எஞ்சினின் பாதியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. என் கணவர் திருப்தியாகச் சாப்பிட்டு, கட்டிலில் படுத்து, ஸ்டூலுக்கு மெத்தை ஒன்று தைக்கலாமா என்று என்னைக் கேட்டார். நான் பஞ்சு இருக்கிறது என்றேன். ஆனாலும் ஜன்னல் வழியாக அவன் முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருப்பதைப் பார்க்கும்போது, அந்தப் பஞ்சை நினைக்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

நாலு மணி அடித்துச் சற்றுக் கழிந்திருக்கும். திடீரென்று கீழே இடி இடித்ததுபோல் சத்தம். கூரைமேல் இருந்த காக்கைகளெல்லாம் பறந்தன. வண்டி ஓட ஆரம்பித்திருந்தது.

"அப்பா! சீக்கிரம்! நின்னா மறுபடி கிளம்பாது!"

என் கணவர் கெடிகாரத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். தூக்கக் கலக்கம், ஒப்பந்தம், எல்லாம் மறந்து, "ஏறு, ஏறு! ராகுகாலத்துக்குள்ள வாசலைத் தாண்டணும்!" என்று அவர்தான் என்னைப் பிடித்துத் தள்ளினார். எனக்கு அதில் ஏறுகிற உத்தேசமே இல்லை. ஆனால் அவன் போகிறானே. அவன் விழுகிற இடத்தில் நான் இருக்கவேண்டாமா? ரேடியேட்டரின் மேல் நான்கு முழம் சாமந்தி மாலை, விளக்கில் சந்தனம், முன்னால் இரண்டு பக்கமும் கட்டிய வாழைக்கன்று. சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் நசுங்க, வண்டி வாசலைத் தாண்டியது. முன் ஸீட்டில் மகனுக்குப் பக்கத்தில் வக்கீல், பின்னால் நாங்கள். பூனை கூடையிலிருந்து எங்களைப் பார்த்தது.

போகும்போது ஒரு குறையும் இல்லை. காளிகாட் பாலத்தில் ஏறினோம், இறங்கினோம். அலிப்பூர்ச் சாலையில் விடுமுறையாதலால் ஈ காக்கை இல்லை. கோர்ட் வாசலில் வக்கீல் கூட்டத்தைப் பார்ப்பதுபோல் காலி மைதானத்தைப் பார்த்து வணங்கினார். எஞ்சினை நிறுத்தக்கூடாது என்பதால் மகன் நிற்காமலே வட்டமடித்துத் திருப்பினான். பிரேக்கை மிதிக்க வேண்டிய தேவையே அதுவரை வரவில்லை என்று பின்னால் சொன்னான்.

"ஏன்னா, இப்ப ராகுகாலம் வந்துடுத்தே," என்றேன்.

"கிளம்பறதுக்குத்தான் ராகுகாலம். திரும்பறதுக்கு இல்லை," என்றார் என் கணவர். அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. காற்றில் அவர் அங்கவஸ்திரம் பறந்தது. அதைப் பிடிக்காமல் பறக்க விட்டுக்கொண்டிருந்தார். "பரவாயில்லை, ஓட்டறான்," என்று என் காதில் சொன்னார்.

திரும்பி வரும்போது பாலத்தின் உச்சியில் எஞ்சின் ஒருமுறை இருமி நின்றுபோயிற்று.

வண்டி மட்டும் நிற்கவில்லை.

பாலத்தின் அந்தப் பக்கத்து இறக்கம் எங்கள் முன்னால் இருந்தது. நாங்கள் போகும்போது காலியாக இருந்த அடிவாரத்தில் இப்போது ஊரே கூடியிருந்தது. விஜயதசமியில் நாங்கள் எதையும் புதிதாகத் தொடங்குவோம். வங்காளிகள் அன்றைக்குத்தான் துர்கையை ஆற்றில் கரைத்து வழியனுப்புவார்கள். முதல் பிரதிமை மூங்கில்களின் மேல் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. முன்னால் டாக் அடிப்பவர்கள், தூபச் சட்டியோடு ஆடுபவர்கள், இடுப்பில் குழந்தைகளோடு பெண்கள்.

"பிரேக்கைப் போடு," என்றார் வக்கீல்.

மகனுடைய கால் கீழே போயிற்று. மிதி அவன் காலோடு பலகை வரை போய் அங்கேயே படுத்துக்கொண்டது. அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தை முன்கண்ணாடியின் விரிசலில் துண்டு துண்டாகப் பார்த்தேன்.

"அம்மா," என்றான் மெதுவாக. "ஆணி மாடியில இருக்கு."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வெற்றிலை, சந்தனம், சாமந்திப்பூ எல்லாம் கண்முன்னால் வந்தன. நாளைப் பத்திரிகையில் எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்பதுகூட வந்தது.

கியர்த் தண்டைத் தள்ளினான். அது கரகரவென்று கத்தியதே தவிர உள்ளே போகவில்லை. ஹாரன் பந்தை அமுக்கினான். டாக் முழக்கத்தில் அது வாத்து கத்துவதுபோல்கூடக் கேட்கவில்லை. நான் தமிழில், "நகருங்கோ! நகருங்கோ!" என்று அலறினேன். வங்காளத்தில் பத்தொன்பது வருஷம் இருந்தவளுக்கு அந்த நிமிஷத்தில் ஒரு வங்காளி வார்த்தை வரவில்லை. கூட்டத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மாலையும் வாழைக்கன்றும் சந்தனமுமாக ஒரு வண்டி வருகிறது. இதுவும் பூஜையைச் சேர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"போலோ துர்கா மாயீ கீ!" என்று ஒருவர் எங்களைப் பார்த்துக் கூவினார்.

"ஜய்!" என்றது கூட்டம்.

"ஜய்!" என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியது என் கணவர்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நான் மூடவில்லை. மூடினால் நான் பார்க்காத நேரத்தில் ஏதாவது நடந்துவிடும் என்பது என் எண்ணம். அதனால் மகனுடைய கைகளை மட்டும் பார்த்தேன். அவை நடுங்கவில்லை. டாக் அடிப்பவர் ஒருவர் எங்களுக்கு மரியாதை செய்வதாக எண்ணிப் பின்னோக்கி ஆடிக்கொண்டே முன்னால் வந்தார். சக்கரம் அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள்; சக்கரம் இந்தப் பக்கம் திரும்பிற்று. பிரதிமைக்கும் சுவருக்கும் நடுவில், படகுகளிலிருந்து வைக்கோல் ஏற்ற மாட்டு வண்டிகள் இறங்கும் சரிவு ஒன்று ஆற்றுக்குப் போகிறது. அதில் மட்டும் ஆள் இல்லை. "பிடிச்சுக்கோங்கோ," என்றான். அவ்வளவுதான் சொன்னான். வண்டி அந்தச் சந்தில் திரும்பி, சரிவில் இறங்கி, ஆற்றுக்குள் போய், சேற்றில் மூக்கைப் புதைத்து நின்றது.

நீர் வடிந்திருந்த நேரம். முழங்கால் ஆழம்தான். மாலை மட்டும் கழன்று தண்ணீரில் மிதந்து போயிற்று.

 கரையில் ஒரு பெரிய ஆரவாரம். டாக் இரட்டிப்பாக முழங்கிற்று. அன்றைக்கு முதல் விசர்ஜனம் எங்களுடையது என்று அவர்கள் தீர்மானித்துவிட்டார்கள்.

நான் மகனைத் தடவிப் பார்த்தேன். தலை, கை, விலா எலும்பு எல்லாம் இருந்தன. கணவரையும் பார்த்தேன்; அவர் இன்னும், "ஜய்" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.  வக்கீல் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றார்.

"மொஷாய், உங்கள் தேசத்தில் உள்ளே ஆளை வைத்தேதான் கரைப்பீர்களா?"

பிரதிமையைக் கரைத்துவிட்டு வந்த இளைஞர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். நடந்தது தெரிந்ததும் அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழாதீர்கள், மா," என்றான் ஒருவன். "எங்கள் தாயை இறக்கிவிட்டோம். தோள் காலியாகத்தான் இருக்கிறது." பிரதிமையைச் சுமந்து வந்த மூங்கில்களையே வண்டிக்கடியில் கொடுத்துத் தூக்கினார்கள். சேறு ஒழுக ஒழுக, டாக் அடித்துக்கொண்டு, எங்கள் மோட்டார் தோள்மேல் ஏறி வீடு வந்து சேர்ந்தது. பின்னால் நாங்கள் நால்வரும் ஈரக்காலோடு நடந்தோம். தெருவில் பெண்கள் மாடியிலிருந்து சங்கு ஊதினார்கள்.

எங்கள் கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பூவை விலக்கினேன். வெற்றிலைமேல், சந்தனம் காய்ந்து, ஆணி சமர்த்தாக இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"அப்பா," என்றான் மகன். "தானா திரும்பி வரணும்னுதான் பேச்சு. வரலை. ஆபீஸ் திறக்கற அன்னிக்கு நான் வந்துடறேன்." பேனாவை எடுத்து மூடி போட்டான். அவனுடைய நாலாவது வரி பாதியில் நின்றிருந்தது.

என் கணவர் வக்கீலைப் பார்த்தார். நடுவர் அவர்தானே. வக்கீல் என்னைப் பார்த்து, "மா, சாட்சி ஏதாவது சொல்ல விரும்புகிறதா?" என்றார்.

நான் என்ன சொல்லவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்திருக்கக்கூடாது. நான் ஆசைப்பட்ட ஸ்டூல் கிடைத்துவிட்டது. வண்டி ஒரு தடவை ஆற்றுக்குள் போனது. இனி எந்தத் தாயும் அவனை அதில் ஏற விடமாட்டாள். உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். வேறு என்னவோ வந்தது.

"காலம்பற அவன் கை ஆணிகிட்டதான் போச்சு. நீங்க பேனாவைக் கொடுத்தேள். ஆணியை எடுக்க விடாம பேனாவைக் கொடுத்ததுனாலதான் பிரேக் இல்லாம போனோம்."

"நீயா இப்படிப் பேசறே? நீதானே பஞ்சு இருக்குன்னே?"

"பஞ்சு இருக்கு. நான் கண்ணைத் திறந்துண்டு வந்தேன். நீங்க மூடிண்டேள். அத்தனை ஜனம் நடுவில ஒரு குழந்தை மேலகூட வண்டி படலை. அதுவும் பிரேக் இல்லாம. இந்தக் கையை ஸ்டூல்ல உட்கார வைச்சுக் கூட்டல் போடச் சொல்றதுக்கு எனக்கு மனசு வரலை. பயம் இருக்கு. அது நான் இருக்கற வரைக்கும் இருக்கும். அதுக்காக அவன் என்ன பண்ணுவான்?"

என் கணவர் வெற்றிலையைப் பார்த்தார். அவர் இட்ட சந்தனம் அது. பிறகு ஆணியை எடுத்து, வேஷ்டி நுனியால் சந்தனத்தைத் துடைத்து, மகனிடம் நீட்டினார்.

"இன்னும் விஜயதசமி முடியலை. இப்ப எடுத்துக்கோ."

மகன் அதை வாங்கிக்கொண்டு அவர் காலில் விழுந்தான். "போதாது, போதாது," என்று வக்கீல் குறுக்கிட்டார். விசர்ஜனம் முடிந்தால் வங்காளிகள் ஒருவரையொருவர் தழுவிக்கொள்ள வேண்டும். அவர் தாமே ஆரம்பித்து என் கணவரைத் தழுவினார், சேற்றோடு. பிறகு என் கணவரைப் பிடித்து மகன் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் மரக்கட்டைகள் மாதிரி மோதிக்கொண்டார்கள். அவன் மீசை முளைத்ததற்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ஸ்டூல் வேறு யாருக்கோ போயிற்று. வண்டியிலிருந்து ஆற்றுச் சேற்றைச் சுரண்டி எடுக்கக் கார்த்திகை வரை ஆயிற்று. பட்டறைக்காரரிடம் மகன் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னானாம். அவர், "இறக்கத்தில் பிரேக் இல்லாமலா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, மறுநாள் முதல் வரச் சொன்னார். நான் சாயங்காலம் ஆனால் ஜன்னலில் நிற்கிறேன். அவன் தெருமுனையில் திரும்பினால்தான் அடுப்பில் தோசைக்கல் ஏறும்.

ஆயுதபூஜையில் மட்டும் எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் வந்துவிட்டது. மோட்டாரிலிருந்து எதையும் கழற்றி மாடிக்குக் கொண்டு வருவதில்லை. என் கணவர் சரஸ்வதி படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு கீழே இறங்குவார். நான் கற்பூரத் தட்டோடு பின்னால் போவேன். பானெட்டின் மேல் படத்தைச் சாய்த்து வைத்துப் பூஜை நடக்கும். கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் மகன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, பிரேக்கை ஒருமுறை மிதித்துக் காட்டவேண்டும். வக்கீல் நாற்காலியிலிருந்தபடியே, "சாட்சி நிலையாக நிற்கிறது," என்று பதிவு செய்வார். அதற்குப் பிறகும் நான் குனிந்து ஒருமுறை அடியில் பார்த்துக்கொள்வேன். ஆணி இருக்கும். பூனையும் இருக்கும்.